ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கிய ஞானசம்பந்தம்

கோலாலம்பூரில் வந்து இறங்கிய அன்றைக்கு ஞானசம்பந்தத்தின் விலை எட்டாயிரம் வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். அந்த விலையை வைத்தது அவர் மனைவி விஷ்ணுப்ரியா.

"எதிர்பார்க்கும் சம்பளம்னு ஒரு கட்டம் இருக்கும். கூச்சப்படாம எட்டாயிரம்னு போடுங்க. பதினேழு வருஷ அனுபவம். சும்மாவா?"

அவளுக்குச் சொல்வது சுலபம். அவள் கேஎல் சென்ட்ரல் பக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். ஞானசம்பந்தம் அவளோடு வந்தவர். அவருடைய பாஸ்போர்ட்டில் இவர் இன்னாரைச் சார்ந்து வாழ்பவர் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிடத் தெளிவான விலாசம் கிடைக்காது.

தூத்துக்குடியில் அவருக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. துறைமுகத்துக்கு வரும் இரும்புப் பெட்டிகளை எதன் மேல் எதை அடுக்குவது என்று திட்டம் போடுகிறவர். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நாளைக்குப் போக வேண்டிய பெட்டி ஐந்து பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கிரேனுக்கு அரை நாள் வெட்டி வேலை. ஞானசம்பந்தம் அடுக்கிய யார்டில் வெட்டி வேலை இருக்காது. அந்த ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளின் செருப்பை வரிசைப்படுத்த அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். முதலில் கிளம்புகிறவர் செருப்பு முதலில் இருக்கும். யார் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமலே கிளம்புவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த வேலைக்கு மாதம் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி திரும்பி வந்து கையெழுத்துப் போடாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. அதற்குள் மலேசியாவில் வேலை கிடைத்தால் இருவரும் சேர்ந்து இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவர் அங்கே, அவள் இங்கே. முன்பு அவள் பெங்களூரிலும் அவர் தூத்துக்குடியிலுமாக நாலு வருஷம் இருந்து பார்த்தவர்கள். இன்னொரு தடவை அது முடியாது என்று இரண்டு பேருமே தனித்தனியாக முடிவு செய்து, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

எட்டாயிரம் என்று கட்டத்தில் எழுதப் போன முதல் நாளே ஞானசம்பந்தத்தின் கை நின்றுவிட்டது. வெள்ளியைப் பார்த்தால் அவர் மண்டை தானாக இருபதால் பெருக்கும். எட்டாயிரத்தை இருபதால் பெருக்கினால் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். தூத்துக்குடியில் அவருடைய மேலாளரின் மேலாளர்கூட அந்தச் சம்பளத்தைக் கண்ணால் கண்டதில்லை. முன்பின் தெரியாத ஒரு கம்பெனியிடம் போய் அவ்வளவு கேட்பது அவருக்கு அடுத்தவன் பாக்கெட்டில் கையை விடுவது போல இருந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு என்று எழுதினார். அதுவும் அதிகமாகத் தோன்றியதால், நேர்முகத்தில் கேட்டபோது வாய் இன்னும் ஒரு படி இறங்கியது.

"அது சும்மா எழுதினது சார். நீங்க பார்த்துப் போட்டுக் குடுங்க."

ஊரில் இது மரியாதை. சம்பளம் கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் முதலாளி மனம் குளிர்ந்து கொஞ்சம் கூட்டிப் போடுவார், அல்லது போடாமல் இருப்பார். எப்படியும் சொன்னவனுக்கு நல்ல பெயர். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சீனப் பெண் கணினித் திரைக்குள்ளிருந்து இதைக் கேட்டுவிட்டு, நாங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஷா ஆலமில் ஒரு மலாய்க்கார மேலாளர் சிரித்துக் கை கொடுத்து, கூப்பிடுகிறோம் என்றார். அந்த ஆபீசில் உட்கார வைத்த நாற்காலி, உட்கார்ந்தால் மெல்ல மெல்லத் தானாக இறங்கும் ஜாதி. பேச்சு முடிந்தபோது ஞானசம்பந்தத்தின் தாடை மேஜை மட்டத்தில் இருந்தது. அவர் எழுந்து சரிசெய்யவில்லை. இந்த நாட்டில் இதுதான் வழக்கமோ என்று இருந்துவிட்டார்.

ஒவ்வொரு கம்பெனியும் கூப்பிடாமல் இருக்க இருக்க, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்டது அதிகம். ஐயாயிரத்து ஐந்நூறு ஆக்கினார். பிறகு ஐயாயிரம். முதல் இரண்டு முறை குறைத்தபோது மார்புக்குள் ஏதோ வலித்தது. மூன்றாவது முறை வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தால், உதடு இருக்கும், ஆனால் அது வேறு யாருடையதோ போல இருக்கும். அப்படி ஆகிவிட்டது. சம்பளத்தைச் சொல்லும்போது பஸ் நம்பரைச் சொல்வது போலச் சொன்னார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே ஒரு நாணய மாற்றுக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஷபானா என்ற பெண். பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். முகத்தில் சிரிப்பு வராது, ஆனால் பேச்சில் இருக்கும். ஞானசம்பந்தம் தினமும் காலையில் அங்கே போய் ரூபாய் விலையைப் பார்ப்பார். மாற்றுவதற்கு அவரிடம் பணம் கிடையாது. பெருக்குவதற்கு இருபது சரிதானா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"அண்ணே, நீங்க தினமும் வந்து பாக்குறீங்க. ரூபாய்க்கு நீங்க என்ன சொந்தமா?" என்றாள் ஷபானா.

அவர் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப உங்க ரேட்டு இப்ப என்ன?"

"மூவாயிரத்து எண்ணூறு."

"போன வாரம்?"

"நாலாயிரத்து ஐந்நூறு."

"ரிங்கிட்கூட இவ்வளவு வேகமா விழுந்ததில்ல லா" என்று, அந்த நாட்டுப் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் லாவோடு சொன்ன ஷபானா, மறுநாள் விலைப் பலகையில் அமெரிக்க டாலர், சிங்கப்பூர் டாலர், இந்திய ரூபாய் என்று வரிசையாக இருந்ததற்குக் கீழே ஞானசம்பந்தம் என்று ஒரு வரி எழுதிவிட்டாள். விற்கும் விலை மூவாயிரத்து எண்ணூறு. வாங்கும் விலை என்ற கட்டத்தில் ஒரு கோடு. வரிசையில் நின்றவர்களில் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, இது எந்த நாட்டு நாணயம் என்று கேட்டார். இன்னொருவர், விவரம் தெரிந்தவர், இப்போது வாங்க வேண்டாம், இன்னும் இறங்கும் என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

இந்த மூவாயிரத்து எண்ணூறுக்கும் அதற்கு முந்தைய நாலாயிரத்து ஐந்நூறுக்கும் காரணம் போர்ட் கிள்ளானில் இருந்த ஒரு கன்டெய்னர் கிடங்கு. முதலாளி இராமலிங்கம். நாற்பது லாரி, அங்கே சொல்கிறபடி லோரி, ஒரு யார்டு, யார்டின் ஓரத்தில் இரண்டு மாடி ஆபீஸ். ஜூன் கடைசியில் ஞானசம்பந்தம் அங்கே நேர்முகத்துக்குப் போனார். ஸ்டேஷனிலிருந்து அவரைக் கூட்டிப்போக ஹைலக்ஸ் வண்டியோடு வந்தவர் குரு, யார்டு சூப்பர்வைசர். பத்தொன்பது வருஷமாக அங்கேயே இருப்பவர். கை விரல் எல்லாம் கிரீஸ்.

இராமலிங்கம் மாடி ஜன்னலைக் காட்டி, "நம்ம யார்ட பாத்து ஏதாச்சும் சொல்லுங்க" என்றார்.

ஞானசம்பந்தம் நாலு நிமிஷம் பார்த்தார். "அந்த மூணாவது வரிசையில அடியில ஒரு நீலப் பெட்டி இருக்குல்ல. சாயங்காலத்துக்குள்ள அதைக் கேட்டு லோரி வரும். அப்ப நீங்க மேல இருக்கிற அஞ்சையும் எறக்கணும்."

"எப்படித் தெரியும்?"

"பெட்டியில ஒட்டியிருக்கிற சிவப்பு அவசரச் சீட்டு வெளுக்கவே இல்ல. நேத்து வந்ததுதான். சுத்தி இருக்கிறதெல்லாம் பழசு. இடமில்லாம பழசைத் தூக்கி அவசரச் சரக்கு மேல ஏத்திட்டீங்க."

மூன்று மணிக்கு லோரி வந்தது. அதைத் தேடி ஐந்து பெட்டிகளை இறக்கினார்கள். குரு கீழேயிருந்து மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். இராமலிங்கம் அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டார், இந்த ஆளை விடக் கூடாது என்று. ஆனால் அவர் தீர்மானம் செய்வதும் அதைச் சொல்வதும் ஒரே மாதத்தில் நடப்பதில்லை. ஞானசம்பந்தம் படிவத்தில் நாலாயிரத்து ஐந்நூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரம் போன் இல்லை. கேட்டது அதிகம் என்று புரிந்துகொண்டு, மூவாயிரத்து எண்ணூறும் சம்மதமே என்று ஈமெயில் போட்டார். அடுத்த வாரம் மூவாயிரம். அதற்கடுத்த வாரம் இரண்டாயிரத்து நானூறு, தங்கள் விருப்பப்படி.

இரண்டாயிரத்து நானூறை இருபதால் பெருக்கினால் நாற்பத்தெட்டாயிரம். கடல் தாண்டி வந்து, ஐந்து மாதம் அலைந்து, புறப்பட்ட அதே எண்ணில் வந்து நின்றார். அதைக் கவனித்தார். கவனித்து முடித்ததும் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றிரவு விஷ்ணுப்ரியா அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எல்லாத்தையும் போடுத?"

"சும்மாதான். மடிச்சு வச்சா நல்லதுன்னு."

"தேதி இருபத்தி மூணு ஆச்சு இன்னைக்கு."

"தெரியும்."

"ஒன்னும் தோணமாட்டேங்கு ப்ரியா. வருத்தப்படணும்னு நினைக்கேன். வர மாட்டேங்கு."

அவள் ஒரு சட்டையைத் திரும்பப் பிரித்து, மறுபடியும் மடித்தாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள். பிறகு இருவரும் ரசம் சாதம் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. போர்ட் கிள்ளான் ஆபீசில் கணக்கு, ஆள் சேர்ப்பு, டீத்தூள் வாங்குவது எல்லாவற்றையும் பார்க்கிற அமுதவள்ளி.

"அண்ணே, அமுதவள்ளி பேசுறேன். ஒரு விஷயம். தயவு செஞ்சு இனிமே குறைக்காதீங்க."

"இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்னாலும் எனக்கு..."

"அண்ணே. கேளுங்க. முதல் நாளே பாஸுக்கு உங்களப் புடிச்சிருச்சு. நாந்தான் லெட்டர் அடிக்கப் போனேன். அதுக்குள்ள உங்க ஈமெயில் வந்துச்சு. பாஸ் பாத்துட்டு, இரு, தானா இறங்குது, எது வரைக்கும் போகுதுன்னு பாப்போம்னாரு. அப்புறம் இன்னொன்னு வந்துச்சு. இன்னும் மூணு வாரம் விட்டா நம்மகிட்ட காசு குடுத்துட்டு வேலை பாப்பாருன்னு சொல்லிட்டு இருந்தாரு. நேத்துத்தான் வேலை பெர்மிட் எடுக்கிற ஏஜென்ட்டக் கேட்டேன். வெளிநாட்டு ஆளுக்கு ஆபீஸ் வேலைக்குப் பெர்மிட் எடுக்கணும்னா சம்பளம் ஐயாயிரத்துக்குக் கீழ இருக்கக் கூடாதாம். ஒரு வெள்ளி குறைஞ்சாலும் பேப்பர வாங்க மாட்டாங்களாம்."

ஞானசம்பந்தம் போனை மறு காதுக்கு மாற்றினார். "அப்ப நான் குறைக்கக் குறைக்க..."

"நீங்க குறைக்கக் குறைக்க உங்கள எடுக்கவே முடியாது. எல்லா எடத்துலயும் இப்படித்தான் எழுதுனீங்களா?"

"ஆமா."

தன் சொந்த உழைப்பால் தன்னைச் சட்டவிரோதமாக ஆக்கிக்கொண்ட ஒருவரை அமுதவள்ளி அதுவரை பார்த்ததில்லை.

"நாளைக்கு வாங்க. புது ஃபாரம் தரேன். ஆனா பாஸப் பத்தி ஒன்னு தெரிஞ்சுக்குங்க. யாரு எவ்வளவு கேட்டாலும் பத்துல ஒண்ணு குறைப்பாரு. அது அவரு குணம். குறைச்சதுக்கு அப்புறமும் ஐயாயிரத்துக்கு மேல நிக்கணும். கணக்கு உங்களோடது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

இராமலிங்கத்தின் குணம் கிள்ளான் முழுக்கத் தெரிந்தது. கோயிலில் நூற்றெட்டு அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கப் போய் அதைத் தொண்ணூற்றேழாகப் பேசி முடித்தவர். இருதய டாக்டர் பத்து மாத்திரை எழுதினால் ஒன்பதுதான் வாங்குவார். அந்த டாக்டர் கடைசியில் பதினொன்று எழுதப் பழகிக்கொண்டார். ஐயாயிரம்தான் சட்டம் என்று ஏஜென்ட் சொன்னபோதும், அரசாங்கத்திடம் நாலாயிரத்து ஐந்நூறுக்குப் பேசிப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஏஜென்ட் போய்ப் பேசிவிட்டும் வந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் தலையை ஆட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க ஆராய்ந்தார்கள்.

மறுநாள் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் ஞானசம்பந்தம் ஐயாயிரத்து அறுநூறு என்று மனப்பாடம் செய்துகொண்டே போனார். பத்தில் ஒன்று போனால் ஐயாயிரத்து நாற்பது. போதும். சுபாங் ஜெயாவில் ஒரு தடவை, ஷா ஆலமில் ஒரு தடவை, கிள்ளானில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மண்டை இருபதால் பெருக்கி, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று காதுக்குள் சொன்னது. கேட்காதது போல இருந்துவிட்டார்.

ஸ்டேஷனில் குரு வந்திருந்தார். வழியெல்லாம் யார்டு பேச்சு.

"அண்ணே, அந்த நீலப் பொட்டி மேட்டர் இருக்கே, அன்னைலேருந்து பசங்க என்னைக் கிண்டல் பண்றானுங்க. நான் பத்தொன்பது வருஷமா அந்த ஜன்னலுக்குக் கீழதான நிக்கிறேன்."

"கீழ நின்னா அடியில இருக்கிறது தெரியாது. மேலேர்ந்துதான் தெரியும்."

"என்னை மேல விட்டாத்தான" என்றார் குரு. கோபமாகச் சொல்லவில்லை.

மாடியில் அமுதவள்ளி புதுப் படிவத்தை நீட்டினாள். அவர் ஐயாயிரத்து அறுநூறு என்று எழுதினார். கை அவருடையதாக இல்லாததால் எழுத்து அழகாக வந்தது. இராமலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஈமெயிலில் இரண்டாயிரத்து நானூறுக்குச் சம்மதித்த அதே மனிதர் இன்று ஐயாயிரத்து அறுநூறு கேட்கிறாரே என்று அவர் ஆச்சரியப்படவில்லை. வியாபாரத்தில் நேற்று என்று ஒன்று கிடையாது என்பது அவர் கொள்கை.

"ஐயாயிரத்து நாப்பது" என்றார்.

அமுதவள்ளி பேனாவை எடுத்து, லெட்டர் இருந்த கோப்பைத் திறந்தாள். வேலை முடிந்தது. ஞானசம்பந்தம் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் போதும்.

"என்ன, ஓகேயா?" என்றார் இராமலிங்கம்.

பதினேழு வருஷப் பழக்கம் வாயைத் திறந்தது. "ஓகே சார். இல்லைன்னாலும் நீங்க பார்த்துப் போட்டுக் குடுங்க."

அமுதவள்ளி பேனாவைக் கீழே வைத்தாள்.

இராமலிங்கத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த மாதிரி வார்த்தையைக் கேட்டு அவருக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உள்ளூர் ஆட்கள் யாரும் இப்படி வாயைக் கொடுப்பதில்லை. "அப்ப நாலாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறு."

"பாஸ், அது நிக்காது" என்றாள் அமுதவள்ளி.

"அவர்தான பாத்துப் போடச் சொன்னாரு. பாத்துப் போட்டேன்."

"பேப்பர வாங்க மாட்டாங்க பாஸ். ஐயாயிரம் வேணும்."

"நான் சொல்லிட்டேன். சொன்னதுக்கு மேல ஏத்த மாட்டேன். முப்பத்தொரு வருஷம் ஏத்துனதில்ல. இப்ப ஏத்துனா நாளைக்கு லோரி டிரைவர் எல்லாம் வந்து நிப்பான்."

அவர் சொன்னது உண்மை. அந்த ஆபீசில் எதுவும் மேலே ஏறியதில்லை. லிஃப்டைக்கூட இறங்குவதற்கு மட்டும் ஓட்டச் சொல்லியிருந்தார், ஏறுவதற்குக் கரண்ட் அதிகம் ஆகும் என்று.

ஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார். நாலாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. மண்டை பெருக்கத் தொடங்கியது. தொண்ணூறாயிரத்துச் சொச்சம் ரூபாய், போதுமே, இரட்டிப்புச் சம்பளம், இதற்கு மேல் கேட்பவன் மனிதனா என்றது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் முப்பதாம் தேதி விமானம் ஏற வேண்டும் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே தூரத்தில், ஒரே அளவில், எதுவும் உறைக்காமல் நின்றன. மடித்து அடுக்கிய சட்டைகள் நினைவுக்கு வந்தன. அடுக்கில் எது முதலில் வெளியே போக வேண்டியதோ அது மேலே இருக்க வேண்டும். விஷ்ணுப்ரியா அவர் பயணத்துக்குப் போடுகிற சட்டையை மேலே வைத்திருந்தாள்.

"சார்" என்றார். "பத்தாது."

வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொல்கிறவர் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகமும் மரத்துத்தான் இருந்தது.

"நாந்தான் ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"ஏத்த வேணாம் சார். நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். நான் இன்னும் ஒன்னும் கேக்கலைன்னு வச்சுக்குங்க. இப்பத்தான் வந்திருக்கேன்."

இராமலிங்கம் அமுதவள்ளியைப் பார்த்தார். அமுதவள்ளி படிவத்தை எடுத்து, நாலாகக் கிழித்து, இன்னொரு படிவத்தை வைத்தாள். "வாங்கண்ணே. உக்காருங்க" என்றாள், உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து.

"எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்றார் இராமலிங்கம், புது ஆளிடம் கேட்பது போல.

"ஆறாயிரம்."

"ஐயாயிரத்து நானூறு." அவர் குரலில் நிம்மதி இருந்தது. குறைத்துவிட்டார். "ஓகேயா?"

நாக்கு உள்ளே புரண்டது. நீங்க பார்த்து என்ற இரண்டு வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஞானசம்பந்தம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பத்து விநாடி ஆட்டினார். அமுதவள்ளி அதற்குள் லெட்டரை அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, அவர் கையில் கொடுத்து, படி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வாயத் தொறக்காமப் போங்க" என்றாள். "யார்டத் தாண்டுற வரைக்கும்."

படியில் நின்று விஷ்ணுப்ரியாவுக்கு, கிடைச்சிருச்சு, ஐயாயிரத்து நானூறு என்று செய்தி அனுப்பினார். பதில் உடனே வந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டிருந்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். இன்னும் இல்லை என்று அனுப்பினார். சந்தோஷம் வந்துகொண்டிருக்கும், வழியில் எங்காவது மாட்டியிருக்கும் என்று தோன்றியது. அதற்காக அங்கேயே நிற்க முடியாது. குரு வண்டியோடு வந்துவிட்டார்.

சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லோரி. குரு சிக்னலில் நின்றார். அந்த ஊரில் யாரும் சுற்றி வளைத்துக் கேட்பதில்லை.

"எவ்வளவு போட்டாரு அண்ணே?"

பொய் சொல்லலாம். பொய் சொல்ல வேண்டுமானால் ஒரு எண்ணை யோசிக்க வேண்டும். ஞானசம்பந்தத்திடம் மேற்கொண்டு எண் எதுவும் மிச்சம் இல்லை.

"ஐயாயிரத்து நானூறு."

குரு தலையை ஆட்டினார். முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு மூவாயிரத்து தொள்ளாயிரம்" என்றார்.

"நீங்க கேட்டுப் பாக்கலியா?"

"ஒரு தடவ கேட்டேன். கேட்டா பத்துல ஒண்ணு குறைப்பாரு. வாங்குறதையும் சேத்துக் குறைச்சிட்டாருன்னா? அதான் அதுக்கப்புறம் கேக்கிறதில்ல." பிறகு, "உங்களுக்குச் சட்டம் இருக்கு அண்ணே. ஐயாயிரத்துக்குக் கீழ போகாம புடிச்சுக்குது. எனக்கு அந்தச் சட்டம் எல்லாம் இல்ல. நான் உள்ளூர்க்காரன் லா."

பெர்மிட் வந்ததும் ஞானசம்பந்தம் மாடி ஜன்னலில் நிற்பார். குரு கீழே நிற்பார். மன்னிச்சுக்குங்க என்று சொன்னால் அது யாருக்கும் ஒரு வெள்ளி கூட்டாது.

"அண்ணே" என்றார் குரு. "தூத்துக்குடிக்கு டிக்கெட் எவ்வளவு?"

"நேரா கிடையாது. திருச்சி போயி, அங்கேர்ந்து பஸ்."

"அதுக்குத்தான் எவ்வளவு?"

"போகவா, போயிட்டுத் திரும்பவா?"

"திரும்பணும்லா. அடையாள கார்டு ஐசியத் தூக்கி அங்கயே போட்டுட்டு, தூத்துக்குடிக்காரனா வந்து இங்க எறங்கணும். அப்புறம் பாஸ் முன்னால உக்காந்து கேக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. ஞானசம்பந்தமும் சிரிக்கவில்லை. போனை எடுத்து, கேட்டவருக்குப் பதில் சொல்வதுதானே முறை என்று, தேடிப் பார்த்தார். "வர்ற மாசம் போயித் திரும்ப எழுநூத்தி அம்பது வெள்ளி காட்டுது."

"லக்கேஜ் எத்தனை கிலோ விடுவான்?"

"ஏழு."

பத்தொன்பது வருஷத்தை ஏழு கிலோவுக்குள் அடுக்குகிறவர் போலக் குருவின் விரல்கள் ஸ்டியரிங்கில் நகர்ந்தன.

"போதும்" என்றார். "யூனிஃபார்ம இங்கயே விட்டுட்டுப் போகலாம். எப்படியும் திரும்பி வந்து அதையேதான் போடணும்."

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தது. குரு வண்டியை எடுத்தார்.